நாலாம் இவான்: அச்சமும் அரசும்

சரித்திரத்திலே சில அரசர், பெற்றோர் இட்ட பெயரைக் காட்டிலும் பிறர் சூட்டிய பெயராலேயே நிலைத்துவிடுகின்றனர். பதினாறாம் நூற்றாண்டிலே ருஷ்ய நாட்டை ஆண்ட நாலாம் இவான் அத்தகையவன். ஆங்கில நூல்களின் வாயிலாக நாம் அவனைப் ‘பயங்கர ஐவன்’ என்றே அறிந்தோம். ருஷ்ய மக்கள் அவனுக்கு வழங்கும் பெயர் ‘குரோஸ்னி’ என்பதாகும். இடியும் மின்னலுமாகக் கொட்டும் பெருமழைக்கு அவர்கள் மொழியிலே ‘குரோஸா’ என்று பெயர். அச்சொல்லின் வழிவந்ததே குரோஸ்னி. ஆகவே அந்தப் பட்டம் கொடுமை ஒன்றையே குறிப்பதன்று. பகைவர் நடுங்கத்தக்க பெருமையும் அதனுள் அடங்கியிருக்கின்றது. அரசனை இடியேற்றுக்கு ஒப்பிடுதல் நம் மொழிக்கும் பழக்கமானதே. ‘பயங்கரன்’ என்பதைவிட ‘அஞ்சத்தக்கவன்’ என்பதே பொருத்தம் போலும்.

பெயரைப் பற்றிய இந்த ஆராய்ச்சி வீண் வேலையன்று. “மக்கள் அஞ்சினால்தான் அரசு நடக்கும், நாட்டைத் திருத்தக் கண்டிப்பான ஒருவன் வேண்டும்” என்னும் பேச்சு எக்காலத்திலும் எந்நாட்டிலும் கேட்கப்படுவது. அப்படிப் பேசுவோர் இவானைத் தமக்குச் சாட்சியாக அழைப்பதுண்டு. பிரபுக்களால் சீரழிந்துகொண்டிருந்த ருஷ்யாவை அவன் ஒரு பேரரசு ஆக்கினான், அதற்கு இரத்தம் சிந்த வேண்டியிருந்தது, அவ்வளவே என்பர். இம்மலரைப் படிக்கும் இளைஞர் அந்த வாதத்தை அப்படியே ஏற்கவும் வேண்டாம், ஆராயாது தள்ளவும் வேண்டாம். அவன் ஆட்சியின் ஆண்டுக்கணக்கை எடுத்துப் பார்ப்போம். எதனை எப்போது கட்டினான், எதனை எப்போது இழந்தான் என்பதிலேதான் விடை கிடக்கின்றது.

இவான் 1530ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 25ஆம் திகதி மொஸ்கோவுக்கு அண்மையிலுள்ள கொலோமென்ஸ்கோயே என்னும் ஊரிலே பிறந்தான். தந்தையாகிய மூன்றாம் வசீலி 1533இல் இறந்தபோது பிள்ளைக்கு வயது மூன்று. தாய் எலேனா மகன் பெயரால் நாட்டை ஆண்டாள். 1538இல் அவளும் இறந்தாள். நஞ்சூட்டப்பட்டாள் என்றே அக்காலத்தவர் பலர் பேசிக்கொண்டனர். அதன்பின் ‘போயார்’ எனப்படும் பெரும் பிரபுக்கள், சூய்ஸ்கி குடும்பத்தார் ஒரு புறமும் பெல்ஸ்கி குடும்பத்தார் மறு புறமுமாக நின்று, அரண்மனையைத் தம் சண்டைக்களமாக்கிக் கொண்டனர். விழா நாட்களிலே சிறுவன் இவானைச் சிம்மாசனத்தில் ஏற்றி வணங்குவர். மற்ற நாட்களிலே அவனும் செவிடனாய்ப் பிறந்த அவன் தம்பியும் கவனிப்பாரற்றுக் கிடப்பர். உணவும் உடையும் கூட நேரத்துக்குக் கிடைக்கவில்லை என்றும், தன் தந்தையின் படுக்கை மேலே ஒரு பிரபு காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு இருந்தான் என்றும், இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னர் எழுதிய கடிதமொன்றிலே இவான் மனம் வெந்து குறிப்பிடுகின்றான். அந்தக் கால் அவன் நெஞ்சைவிட்டு இறங்கவேயில்லை. 1543ஆம் ஆண்டின் இறுதியிலே, பதின்மூன்று வயதில், அந்திரேய் சூய்ஸ்கி என்னும் பிரபுவைப் பிடித்து நாய் வளர்க்கும் சேவகரிடம் ஒப்புவித்தான். அவர்கள் அவனைக் கொன்றார்கள். அன்று தொடக்கம் பிரபுக்கள் சிறுவனுக்கு அஞ்சத் தொடங்கினர்.

இதைக்கொண்டு இவன் பிறவியிலேயே கொடியவன் என்று முடிவுகட்டுவார் அடுத்த பதின்மூன்று ஆண்டுகளை மறந்தவராவர். 1547ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் திகதி கிரெம்ளின் கோட்டையிலுள்ள பெரிய தேவாலயத்திலே தலைமை மேற்றிராணியார் மக்காரி அவனுக்கு முடிசூட்டினார். அவன் முன்னோர் ‘பெருங் கோமகன்’ என்னும் பட்டத்தோடு ஆண்டனர். ‘சார்’ என்னும் பட்டத்தோடு முறைப்படி முடிபுனைந்தவன் இவனே முதல்வன். உரோமச் சக்கரவர்த்திகளின் ‘சீசர்’ என்னும் பெயரே ருஷ்யரிடம் ‘சார்’ ஆயிற்று. அடுத்த மாதமே அனஸ்தாசியா ரொமானொவ்னாவை மணந்தான். அவ்வாண்டு கோடையில் மொஸ்கோ நகரம் தீப்பற்றி எரிந்தது, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர், கொதித்தெழுந்த மக்கள் அரசனுடைய மாமன் ஒருவனைக் கொன்றனர். பதினாறு வயது அரசன் நடுங்கிப்போனான். ஆனால் அந்நடுக்கம் அப்பொழுது அவனை நல்வழியிலே திருப்பியது.

அலெக்சேய் அதாஷெவ் என்பவரும், சில்வெஸ்தர் என்னும் குருவும், மேற்றிராணியார் மக்காரியும் அவனுக்கு ஆலோசகராய் அமைந்தனர். 1549இல் பிரபுக்களையும் குருமாரையும் சேர்த்து ஒரு பெருஞ்சபை கூட்டப்பட்டது. 1550இல் புதிய சட்டத்தொகுதி வெளிவந்தது. உள்ளூர் அதிகாரிகள் இலஞ்சம் வாங்கிக் குடிகளை வருத்துவதைத் தடுக்க வழிகள் வகுக்கப்பட்டன. அவ்வாண்டிலேயே மூவாயிரம் பேர் கொண்ட நிரந்தரத் துப்பாக்கிப் படை ஒன்று நிறுவப்பட்டது. 1551இல் திருச்சபையின் ஒழுங்குகள் நூறு அத்தியாயங்களாகத் தொகுக்கப்பட்டன. 1552ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத் தொடக்கத்திலே, நெடுங்காலம் ருஷ்யரை வருத்திய தார்த்தாரியரின் கசான் நகரம், மதிலுக்கு அடியிலே சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைத்துத் தகர்க்கப்பட்டு வீழ்ந்தது. 1556இல் அஸ்திரக்கானும் வீழ, வொல்கா நதி தலை தொட்டுக் கடல் வரை மொஸ்கோவின் கைக்குள் வந்தது. 1553இல் வடகடல் வழியாக வந்து சேர்ந்த ஆங்கிலேய மாலுமி ரிச்சர்ட் சான்செலரை அரசன் உபசரித்ததன் பயனாக இங்கிலாந்தோடு வணிகம் பிறந்தது.

மொஸ்கோவின் செஞ்சதுக்கத்திலே பல நிறக் கும்பங்களோடு நிற்கும் புனித பசிலியார் ஆலயத்தைப் படத்திலேனும் காணாதவர் நம்முள் இலர். கசான் வெற்றியின் நினைவாக 1555 முதல் 1561 வரை கட்டப்பட்டது அது. அதைக் கட்டிய சிற்பிகள் வேறெங்கும் அதுபோல் ஒன்று கட்டிவிடாதபடி அவர்கள் கண்களை இவான் பிடுங்குவித்தான் என்று ஒரு கதை உலவுகின்றது. அதற்கு ஆதாரம் யாதும் இல்லை. இவான் மேல் பொய்க் கொடுமைகளைச் சுமத்த வேண்டியதில்லை, மெய்யானவையே போதும்.

நாம் இங்கே சற்று நின்று கவனிக்க வேண்டும். சட்டம், படை, வொல்கா நதி, வெளிநாட்டு வணிகம் ஆகிய இவையெல்லாம் எப்பொழுது கிடைத்தன? ஆலோசகரைக் கேட்டு, சபையைக் கூட்டி, மேற்றிராணியார் சொல்லுக்குச் செவிசாய்த்து ஆண்ட காலத்திலே கிடைத்தன. முப்பது வயது நிரம்புமுன் இவான் பெற்ற பேறுகள் இவை.

1560ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அனஸ்தாசியா இறந்தாள். பகைவர் நஞ்சிட்டே கொன்றனர் என்று அரசன் நம்பினான். இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலே அவளது கூந்தலை ஆராய்ந்தோர் அதிலே இரசம் மிகுதியாக இருக்கக் கண்டனர். அக்காலத்து மருந்துகளிலும் இரசம் சேர்ந்திருந்தமையால் அது கொலைக்குச் சான்றாகிவிடாது. சான்று இருந்ததோ இல்லையோ, ஐயம் இருந்தது. ஏழு ஆண்டுகளுக்கு முன் தான் நோயுற்றுக் கிடந்தபோது, கைக்குழந்தையாகிய தன் மகனுக்கு விசுவாசப் பிரமாணம் செய்யப் பிரபுக்கள் தயங்கியது இப்பொழுது அவன் நினைவுக்கு வந்தது. அதாஷெவ் சிறையிலே இறந்தார். சில்வெஸ்தர் தூரத்து மடமொன்றுக்கு அனுப்பப்பட்டார். 1563இல் மக்காரியும் காலமானார். பால்டிக் கடற்கரையைப் பெறும் பொருட்டு 1558இல் தொடங்கிய லிவோனியப் போர் முதலிலே வெற்றியாய்த் தோன்றிப் பின்பு இழுபடலாயிற்று. 1564இன் வசந்தத்திலே, அப்போரில் படைத்தலைவனாய் இருந்த அந்திரேய் குர்ப்ஸ்கி கோமகன், தன் தலைக்கு ஆபத்து என்றுணர்ந்து லித்துவேனியாவுக்கு ஓடினான். அங்கிருந்து அரசனைக் கடிந்து எழுதினான். அரசனும் நெடுமடல் ஒன்றால் விடையிறுத்தான். நாம் முன்பு குறித்த இளமைக்கால நினைவுகள் அம்மடலிலே உள்ளவை. (1971இல் அமெரிக்க அறிஞர் ஒருவர் அக்கடிதங்கள் பிற்காலத்தவர் புனைந்தவை என வாதித்தார், ஆயினும் பெரும்பாலான ஆராய்ச்சியாளர் அவை மெய்யானவை என்றே கொள்கின்றனர்.)

அவ்வாண்டு டிசம்பர் மாதம் இவான் செய்த காரியம் அரசியல் தந்திரத்திலே ஒரு விந்தை. திருவுருவப் படங்களையும் பொக்கிஷத்தையும் வண்டிகளில் ஏற்றிக்கொண்டு, எங்கே போகிறான் என்று சொல்லாமலே மொஸ்கோவைவிட்டு நீங்கி, அலெக்சாந்திரோவ் என்னும் ஊரிலே போய்த் தங்கினான். 1565 ஜனவரி 3ஆம் திகதி இரண்டு கடிதங்கள் தலைநகருக்கு வந்தன. குருமாரும் பிரபுக்களும் துரோகிகள், ஆகவே அரசைத் துறந்தேன் என்றது ஒன்று. வணிகர் மீதும் நகர மக்கள் மீதும் எனக்குக் கோபமில்லை என்றது மற்றொன்று. மக்கள் பதறினர். பிரபுக்களோ மக்களுக்கு அஞ்சினர். திரும்பி வருமாறு கெஞ்சித் தூது போயிற்று. தான் விரும்பியவரை விரும்பியபடி தண்டிக்கும் உரிமை வேண்டும், அவர்க்காகக் குருமார் பரிந்து பேசலாகாது என்னும் நிபந்தனையோடு அவன் இசைந்தான். திரும்பி வந்தபோது தலைமயிரும் தாடியும் உதிர்ந்து அடையாளம் தெரியாதவாறு மாறியிருந்தான் என்று அவனிடம் சேவித்த அந்நியர் எழுதியுள்ளனர்.

அதன்பின் நாடு இரண்டாகப் பிளக்கப்பட்டது. ஒரு பகுதி பழையபடி பிரபுக்கள் சபையின் கீழ் இருந்தது. மற்றப் பகுதி ‘ஒப்ரீச்னினா’ என்னும் பெயரால் அரசனின் தனியுடைமை ஆயிற்று. கணவனை இழந்த பிரபுமனைவிக்கெனப் பிரித்துவைக்கும் பங்குக்கு வழங்கிய சொல் அது! அதனைக் காக்க முதலில் ஆயிரம் பேரும், பின்னர் ஆறாயிரம் பேர் வரையும் சேர்க்கப்பட்டனர். கறுத்த உடை, கறுத்த குதிரை. சேணத்திலே நாய்த்தலையும் துடைப்பமும். துரோகிகளைக் கடித்துக் குதறி நாட்டைக் கூட்டித் துப்புரவாக்குவோம் என்பது அதன் பொருள். இவர்கள் மேல் எவரும் வழக்குத் தொடுக்க இயலாது. அலெக்சாந்திரோவிலே இவான் இவர்களை வைத்துக்கொண்டு ஒரு மடம் போல் நடத்தினான். விடியுமுன் பூசை, அரசனே மடாதிபதி, பூசை முடிந்ததும் வதைக்கூடம்.

இக்கூட்டத்தை எதிர்த்துப் பேசத் துணிந்தவர் ஒருவர் இருந்தார். தலைமை மேற்றிராணியாராக 1566இல் அமர்த்தப்பட்ட பிலிப்பு, 1568இல் பெரிய தேவாலயத்திலே, சபை முழுதும் பார்த்திருக்க, அரசனுக்கு ஆசி வழங்க மறுத்தார். அதே ஆண்டில் அவர் பதவி பறிக்கப்பட்டுத் துவேர் நகரத்து மடமொன்றிலே அடைக்கப்பட்டார். 1569 டிசம்பரில், ஒப்ரீச்னினாக் கூட்டத்திலே முதல்வனான மல்யூட்டா ஸ்குராத்தொவ் அம்மடத்துக்குப் போய்வந்தான். மேற்றிராணியார் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்திருந்தார்.

மல்யூட்டா அப்பொழுது சென்றுகொண்டிருந்த பாதை நொவ்கொரொட் நகரத்துக்குப் போகும் பாதை. ருஷ்யாவின் இரண்டாம் நகரமாகிய நொவ்கொரொட், போலந்து மன்னனோடு சேரச் சதிசெய்கின்றது என்பது குற்றச்சாட்டு. 1570 ஜனவரியிலே அரசன் தானே படையோடு அங்கு போய் ஐந்து வாரம் இருந்தான். மடங்கள் கொள்ளையிடப்பட்டன, தானியக் களஞ்சியங்கள் எரிக்கப்பட்டன, ஆண், பெண், பிள்ளை என்று பாராமல் மக்கள் வொல்கொவ் ஆற்றின் பனிநீரிலே தள்ளப்பட்டனர். இறந்தோர் அறுபதினாயிரம் என்று ஒரு பழைய வரலாறு கூறும், அது மிகை. இக்கால ஆராய்ச்சியாளர் இரண்டு மூன்று ஆயிரம் முதல் பதினையாயிரம் வரை பலவாறு கணக்கிடுவர். மல்யூட்டா அரசனுக்குக் கொடுத்த கணக்கு ஒன்று மாத்திரம் எஞ்சியிருக்கின்றது: வாளுக்கு இரையானோர் 1490, துப்பாக்கிக்கு இரையானோர் 15.

அடுத்தது பிஸ்கோவ் நகரம். அங்கே நிக்கொலா என்னும் ஒரு பித்தர் இருந்தார். நம் நாட்டிலே சித்தர் என்று சொல்வோமே, அத்தகையவர். அவர் நோன்பு நாளிலே அரசனுக்குப் பச்சை மாமிசத்தை நீட்டினாராம். நோன்பிலே மாமிசம் உண்பதில்லை என்றானாம் அரசன். மனித மாமிசம் உண்பவனுக்கு நோன்பு எதற்கு என்று கேட்டாராம் பித்தர். கதை எவ்வாறாயினும், பிஸ்கோவ் பெரும்பாலும் தப்பியது மெய்.

அவ்வாண்டு ஜூலை 25ஆம் திகதி மொஸ்கோவிலே ஒரே நாளில் நூற்றுக்கு மேற்பட்டோர் மக்கள் முன்னிலையிலே கொல்லப்பட்டனர். இருபது ஆண்டுகளாக வெளிநாட்டு விவகாரங்களைத் திறம்பட நடத்திய இவான் விஸ்கொவாத்தி அவர்களுள் ஒருவர். குற்றத்தை ஒப்புக்கொள்ளுமாறு அவரைத் தூண்டினர். அவர் மறுத்தே இறந்தார். பின்னர் ஒப்ரீச்னினாவை ஆக்கிய தலைவர்களே ஒருவர் பின் ஒருவராய்க் கொல்லப்பட்டனர். எல்லாரையும் அஞ்சவைத்த அரசன் தானும் அஞ்சினான் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. ஆயினும் ஒன்று சொல்லலாம்: தன் நாட்டைவிட்டு ஓட நேர்ந்தால் அடைக்கலம் தருமாறு இங்கிலாந்தின் எலிசபெத் அரசியிடம் இரகசியமாய்க் கேட்டிருந்தான். அவள் அடைக்கலம் தர இசைந்தபோதும், தான் வேண்டிய உடன்படிக்கைக்கு இணங்காமையால், நீ அரசியல்லள், வணிகர் சொற்படி நடக்கும் சாதாரணப் பெண் என்னும் கருத்துப்பட ஏசி எழுதினான்.

அச்சத்தால் காக்கப்பட்ட அரசு பகைவன் வந்தபோது எப்படி நின்றது? 1571ஆம் ஆண்டு மே மாதம் கிரிமியாவின் கான் தெவ்லெத் கிராய் படையெடுத்து வந்தான். நிராயுதபாணிகளின் வீடுகளைக் கொள்ளையிட்டுப் பழகிய கறுத்த உடைக்காரரிற் பலர் போர்க்களத்துக்கு வரவேயில்லை. அரசன் வடக்கே ரொஸ்தொவ் நகருக்கு ஓடினான். மே 24ஆம் திகதி மொஸ்கோ சில மணி நேரத்தில் எரிந்து சாம்பலாயிற்று. கிரெம்ளின் கோட்டை மாத்திரம் தப்பியது. அடுத்த ஆண்டு கான் மறுபடி வந்தபோது, பிரிந்து நின்ற இரு பகுதிப் படைகளும் ஒன்றாக்கப்பட்டு, மிகாயில் வொரொத்தின்ஸ்கி என்னும் பழங்குடிப் பிரபுவின் தலைமையிலே மொலோதி என்னுமிடத்தில் அவனை முறியடித்தன. இவான் பாடம் கற்றான். 1572இலேயே ஒப்ரீச்னினாவைக் கலைத்து அச்சொல்லையும் எவரும் உச்சரிக்கலாகாது என்றான். பாதிப் பாடந்தான் கற்றான் போலும்: மொஸ்கோவைக் காத்த வொரொத்தின்ஸ்கி அடுத்த ஆண்டே துரோகி என்று பிடிக்கப்பட்டு, வதைபட்டு மாண்டான்.

எஞ்சிய ஆண்டுகளை விரைந்து கடக்கலாம். 1575இலே ஒரு தார்த்தாரிய இளவரசனைச் சிம்மாசனத்தில் இருத்தி, தான் அவனுக்குப் பணிந்த ஒரு குடி போல ஏறக்குறைய ஓராண்டு நடித்தான். ஏன் என்று இன்றும் விளங்கவில்லை. மனைவியரை மாற்றிக்கொண்டேயிருந்தான். லிவோனியப் போர் 1583இல் முடிந்தபோது, போலந்திடமும் சுவீடனிடமும் இருபத்தைந்து ஆண்டு உழைப்பின் பலனை எல்லாம் இழந்ததோடு, முன்னரே ருஷ்யாவுக்கு உரியனவாயிருந்த சில கோட்டைகளையும் இழந்திருந்தான். போரும் பஞ்சமும் கொள்ளைநோயும் கறுத்த உடைக்காரரும் வருத்திய நொவ்கொரொட் நாட்டிலே, நிலப்பதிவேடுகள் ஊருக்கு ஊர் ஆளற்ற வீடுகளையும் தரிசு வயல்களையுமே எண்ணிக்காட்டுகின்றன. ஓடிய குடிகளைப் பிடித்துவைக்க வேண்டி, அறுவடை முடிந்ததும் பிரபுவைவிட்டு நீங்கலாம் என்று அவன் சட்டமே 1550இல் உறுதிசெய்த உரிமை, 1580களில் ‘தடையாண்டுகள்’ என்னும் பெயரால் நிறுத்தப்படலாயிற்று. ருஷ்யக் குடியானவனை மூன்று நூற்றாண்டு மண்ணோடு கட்டிவைத்த அடிமைமுறை இவ்வாறே இறுகியது. சைபீரியா அவன் காலத்தில் திறக்கப்பட்டதன்றோ என்று கேட்கலாம். அது ஸ்திரோகனொவ் வணிகர் யெர்மாக் என்னும் கொசாக்கு வீரனை அனுப்பிச் செய்வித்த காரியம். செய்தி கேட்ட அரசன் முதலிலே அவ்வணிகரைக் கடிந்துதான் எழுதினான்.

1581 நவம்பரிலே நடந்தது யாவரும் அறிந்தது. கருவுற்றிருந்த மருமகளை அரசன் அடிக்க, மூத்த மகன் இவான் குறுக்கே வந்து வாதாட, கைத்தடியின் இரும்பு முனை மகனின் நெற்றிப்பொட்டிலே பாய்ந்தது என்று, சிறிது காலத்தின் பின் மொஸ்கோ வந்த போப்பரசரின் தூதர் எழுதினார். சில நாட்களிலே, நவம்பர் 19ஆம் திகதி, இளவரசன் இறந்தான். குருதி வழியும் மகனைத் தழுவிக்கொண்டு கண் பிதுங்க நிற்கும் தந்தையை ஓவியர் ரேபின் 1885இல் தீட்டினார். அவ்வோவியத்தை 1913இல் ஒருவன் கத்தியாற் கிழித்தான். 2018இல் மற்றொருவன் இரும்புக் கம்பத்தால் தாக்கினான்.

1584 மார்ச் 18ஆம் திகதி, சதுரங்கம் ஆட அமர்ந்தவேளை, ஐம்பத்து மூன்று வயதில் இவான் சாய்ந்தான். 1963இல் அவன் கல்லறையைத் திறந்து ஆராய்ந்தபோது முள்ளந்தண்டு எலும்புகள் ஒன்றோடொன்று இறுகிப்போயிருக்கக் கண்டனர். இறுதி ஆண்டுகளிலே திரும்புவதும் குனிவதும் அவனுக்குப் பெருவேதனையாய் இருந்திருக்கும். அவனுக்குப்பின் ஆண்ட இளைய மகன் பியோதர் உடலும் உள்ளமும் மெலிந்தவன். கோயில் மணியடிப்பதிலே இன்பம் கண்டவன். கடைசி மகன் திமித்திரி 1591இல் எட்டு வயதிலே இறந்தான். 1598இல் பியோதர் பிள்ளையின்றி இறக்க, எழுநூறு ஆண்டு ஆண்ட குலம் அவிந்தது. பஞ்சம், பொய்வேட அரசர், கிரெம்ளினுக்குள்ளே போலந்துப் படை என்று பதினைந்து ஆண்டு நாடு பட்ட பாடு சொல்லி முடியாது. 1613இல் மக்கள் தேடிப்பிடித்து அரசனாக்கிய மிகாயில் ரொமானொவ், அனஸ்தாசியாவின் சகோதரனுடைய பேரன். இவானோடு வாழ்ந்த நல்ல காலத்துக்காக மக்கள் நினைவில் வைத்திருந்த பெயர் அவளுடையது.

இத்தனைக்குப் பின்னும் இவானைப் புகழ்வோர் குறையவில்லை. 1947ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் ஓர் இரவு, இவானைப் பற்றிப் படம் எடுத்த ஐசன்ஸ்தைனை ஸ்டாலின் கிரெம்ளினுக்கு அழைத்துப் பேசினார். இவான் பெரிய அரசன் என்றும், மிச்சமிருந்த சில பிரபுக் குடும்பங்களை முற்றாய் அறுக்காமல் விட்டதே அவன் செய்த பிழை என்றும், கொன்றபின் பிரார்த்தனையிலே காலத்தைப் போக்கினான் என்றும் அவர் குறைகூறியதாக அப்பேச்சின் குறிப்பிலே காண்கின்றோம். அப்படத்தின் இரண்டாம் பாகம் 1958 வரை வெளிவரவில்லை. 2016இல் ஒர்யோல் நகரத்திலே இவானுக்கு முழுவுருவச் சிலையும் எழுந்தது.

ஸ்டாலின் குறையாகச் சொன்ன அந்தப் பிரார்த்தனையைத்தான் நாம் நின்று நோக்க வேண்டும். மகன் இறந்தபின் இவான், தன் ஆணையால் கொல்லப்பட்டவர்களின் பெயர்களையெல்லாம் திரட்டுமாறு எழுத்தர்களுக்குப் பணித்தான். கொலையாளிகள் அனுப்பிய பழைய அறிக்கைகளைப் புரட்டி அவர்கள் பெயர் எடுத்தனர். மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் அதிலே அடங்கினர். மல்யூட்டாவின் 1490 என்னும் கணக்கு நம் கைக்கு வந்தது இந்த ஏட்டின் வழியேதான். பெயர் தெரியாத இடத்திலே, அவர் பெயரைக் கடவுளே அறிவார் என்னும் கருத்துப்பட எழுதினர். துரோகிகள் என்று கொல்லப்பட்ட அவர்களுக்காக ஓயாது வழிபாடு செய்யுமாறு பெரும் பொருளோடு மடங்களுக்கு அந்த ஏடு அனுப்பப்பட்டது.

மேற்றிராணியார் பிலிப்பின் உடல் வடகடற் தீவிலுள்ள சொலொவெத்ஸ்கி மடத்திலே கிடந்தது. 1652இல் ரொமானொவ் குலத்து இரண்டாம் அரசன் அலெக்சேய், நொவ்கொரொட் மேற்றிராணியார் நீக்கொனை அங்கே அனுப்பினான். தன் முன்னோன் இவான் செய்த பாவத்தைப் பொறுத்து மொஸ்கோவுக்கு எழுந்தருள வேண்டும் என்று இறந்தவருக்கே அவன் எழுதிய கடிதத்தை, நீக்கொன் அக்கல்லறையின் முன் நின்று வாசித்தார். பின்பு அவ்வுடலைக் கொண்டுவந்து, பிலிப்பு ஆசி மறுத்த அதே தேவாலயத்திலே வைத்தார்கள்.